சிரமத்துக்கு வருந்துகிறோம்

2019-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைதளம் ஒரு சின்ன அறிவிப்பு போட்டது. சர்வரை இடம் மாற்றியதில், மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் ஏற்றிய பாட்டு, படம், வீடியோ எதுவும் இனிக் கிடைக்காமல் போகலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று உபதேசம் வேறு! வீடு மாற்றும்போது ஒரு குண்டான் காணாமல் போனாலே வண்டிக்காரரை நாம் சும்மா விடமாட்டோம். இங்கே போனது 2003 முதல் 2015 வரை சேர்ந்த பாட்டு. ஐந்து கோடி இருக்கும் என்றன பத்திரிகைகள்.

யாரோ சில ஆய்வாளர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காக முன்பே இறக்கி வைத்திருந்ததால், சுமார் 4,90,000 பாட்டு இன்டர்நெட் ஆர்க்கைவில் வந்து சேர்ந்தது. மிச்சம் போனது போனதுதான்.

கூகுள் கொஞ்சம் மரியாதைக்காரர். தன் சமூக வலைதளமான ஆர்குட்டை 2014 செப்டம்பர் 30-இல் மூடியவர், போட்டோக்களை எடுத்துக்கொண்டு போக 2016 செப்டம்பர் வரை அவகாசம் கொடுத்தார். இரண்டு வருடம்! "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று நம்மில் எத்தனை பேர் இருந்தோம் என்பதை அவரவர் மனசாட்சிக்கே விட்டுவிடலாம்.

நம் கோப்புகளை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் இலவசம்தான். ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் காசு.