சித்தப்பா வருகிறார், துணியை எடு!

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு நாய்க்குட்டியைக் குறை சொல்வது அநியாயம். ஆவடியிலிருந்து வந்த சித்தப்பா, செருப்பைக் கழற்றுமுன்பே குனிந்து, இரண்டு கைகளையும் விரித்து, "என் செல்லக்குட்டீ!" என்று கூவினார். மூன்று மாத லாப்ரடார் குட்டி வாலோடு இடுப்பையும் ஆட்டி, அவர் காலடியிலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. "சீ, சனியனே!" என்று வீட்டுக்காரர் அதட்டினார். மறுபடியும் போனது.

முதலாவது சந்தோஷத்தில். அந்த வயதில் சிறுநீரை அடக்கும் தசை இன்னும் குட்டியின் வசப்பட்டிருக்காது. இரண்டாவது பயத்தில். காதை மடக்கி, உடம்பைத் தாழ்த்திச் சொட்டுவது நாய் வழக்கில் "நீங்கதான் பெரியவர், விட்டுடுங்க" என்கிற மன்னிப்பு. அதற்கும் அதட்டினால் இன்னொரு மன்னிப்பு வரும், டைல்ஸ் நெடுக.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் வைத்தியம் எளிது. வருபவர் குட்டியைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, மேலே குனியக் கூடாது. அது அடங்கிய பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து தாடைக்குக் கீழே தடவலாம்.

இப்படிப் பாராமுகமாக இருப்பதில் சித்தப்பாவை மிஞ்ச திருவள்ளூர் மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. திருமுல்லைவாயல் மனையில் பெரியப்பாவோடு எல்லைக்கல் தகராறு வந்த நாள் முதல், பந்தியில் எதிர் இலையில் அவர் உட்கார்ந்தால் சித்தப்பாவின் கண் மின்விசிறிக்குப் போய்விடும். மண்டப வாசலில் எதிர்ப்பட்டால் உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பும். மொய் எழுதும் மேசையில் தோளோடு தோள் இடித்தபோதும் ஒரு சொல் கிடையாது. பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா தும்மினார். "நூறு" என்று சொல்லக்கூடச் சித்தப்பா வாய் திறக்கவில்லை. கண், வாய், தோள், முதுகு எல்லாம் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடியே! இத்தனை வருடப் பயிற்சி உள்ள மனிதரால் ஒரு குட்டியை ஐந்து நிமிடம் கண்டுகொள்ளாமல் இருக்க முடியவில்லை என்றால் எரிச்சல் வராதா?

"வளர்ப்பு சரியில்லை" என்று தீர்ப்பு வேறு. சொல்லிவிட்டு வடை கேட்டார்.

நனைந்த தரையைத் துடைக்கும் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும்; குட்டி அதே இடத்தை மோந்து கண்டுபிடித்துவிடும். என்சைம் கலந்த திரவம் பரவாயில்லை. பெரும்பாலான குட்டிகள் ஒரு வயதுக்குள் இந்தப் பழக்கத்தை விட்டுவிடும். விடாவிட்டால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க, 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை இருக்கிறது. ஆட்டோவில் போகலாம். ஏறியதும் ஓட்டுநர் திரும்பி, "பேர் என்ன சார்? வாடா கண்ணு!" என்று கையை நீட்டுவார். நனைந்த சீட்டுக்குத் தனிக் கட்டணம்.