பதில் வந்துவிடாமல் கேள்வி கேட்பது எப்படி?

சித்திரைத் திருவிழாவும் தேர்தலும் கைகோத்து வருவது மதுரைக்காரர்களின் கொடுப்பினை. 2019-ல் ஏப்ரல் 18 அன்று மீனாட்சி அம்மன் தேரோட்டம், அன்றைக்கே வாக்குப்பதிவு. தேர் பார்த்துவிட்டு வந்தும் ஓட்டுப் போடட்டும் என்று மதுரைத் தொகுதிக்கு இரவு 8 மணிவரை நேரம் கொடுத்தார்கள். ஒரே நாளில் இடிக்காத வருடங்களிலும் குறையொன்றுமில்லை. அழகர் வரும் வழியில் ஏதாவது ஒரு கட்சி நீர்மோர்ப் பந்தல் போட்டிருக்கும். பந்தலில் தொண்டர் இருப்பார். ஐந்து வருடமாகக் கேட்க நினைத்த கேள்வி உங்களிடம் இருக்கும். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தால் தப்பித்தவறிப் பதில் கிடைத்துவிடும் அபாயம் உண்டு. அதைத் தவிர்ப்பதற்கான பயிற்சி இது. பயப்படாதீர்கள், முக்கால்வாசியை நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். இனி முறையாகச் செய்யலாம்.

1. ஆளைப் பார்த்துப் பிடியுங்கள்.

பந்தலுக்குள் மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். ஃபேனுக்கு நேராகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் இரண்டு போனுடன் உட்கார்ந்திருக்கும் கரைவேட்டி, வட்டச் செயலாளர். உங்கள் தெருச் சாக்கடைக்கு எஸ்டிமேட் போட்டது எப்போது, கான்ட்ராக்ட் எடுத்தது யார், பில் எந்த மேஜையில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பக்கமே போகாதீர்கள். ஓரத்தில் வாக்காளர் பட்டியலும் பேனாவுமாக நிற்கும் அக்கா, பூத் கமிட்டி. அவரும் இப்போதைக்கு வேண்டாம். அண்டாவுக்குப் பின்னால், மடிப்புக் கலையாத புதுத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மோர் ஊற்றுகிறானே காலேஜ் பையன், அவனைப் பிடியுங்கள். பக்கத்து வீட்டு அண்ணன் கூப்பிட்டார் என்று வந்தவன். மத்தியானம் பிரியாணி உண்டு என்பதைத் தவிர வேறெந்த வாக்குறுதியும் அவனுக்குத் தெரியாது. "மாநில சுயாட்சியில உங்க கட்சியோட நிலைப்பாடு என்ன தம்பி?" என்று கணீரென்று கேளுங்கள். அவன் அண்டாவுக்குள் எட்டிப் பார்ப்பான். முதல் வெற்றி உங்களுக்கு.

2. குடித்துவிட்டுக் கேளுங்கள்.

வெறும் வயிற்றோடு கேட்டால் கேள்வியில் காரம் கூடிவிடும். இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போட்ட மோர், இரண்டு டம்ளர் இறக்குங்கள். அதில் உப்பு இருக்கிறது; உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். சட்டத்தை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். ஓட்டுக்காக உண்ணவும் குடிக்கவும் கொடுத்தால் அபராதம் மட்டும்தான். ஓராண்டு வரை சிறை என்பது பணத்துக்கு. அதுவும் கொடுத்தவருக்கு மட்டுமல்ல, வாங்கியவருக்கும். பணத்துக்குப் பிறகு வருவோம். இப்போது மூன்றாவது டம்ளரை நீட்டுங்கள்.

3. கேள்வியைத் தூரத்தில் வையுங்கள்.

கேள்விக்கும் உங்கள் வீட்டு வாசலுக்கும் நடுவே குறைந்தது 2,000 கிலோமீட்டர் இருக்கட்டும். டெல்லி நல்ல இலக்கு. பொருட்காட்சியில் வாங்கிய டெல்லி அப்பளம் கையில் இருந்தால் இன்னும் பொருத்தம். தூரம் கிடைக்காவிட்டால் காலத்தைப் பிடியுங்கள்: 1974-ல் கச்சத்தீவு ஏன் போனது என்று 2005-ல் பிறந்தவனிடம் கேளுங்கள்.

எந்தக் காரணம் கொண்டும் வீட்டு வாசலில் மாசியில் தோண்டிப் போட்டு, பலகை போட்டுத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்களே, அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் ஒரு உதவிப் பொறியாளரின் பெயரையும் போன் நம்பரையும் சொல்லித் தொலைப்பார்கள். அதேபோல எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் என்பதையும் மறந்துவிடுங்கள். "அதுல நம்ம வார்டுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டால் ஒன்று ஏதாவது வந்திருக்க வேண்டும், அல்லது வரவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுமே சங்கடம். திருவிழா நேரத்தில் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது.

4. ஏழு கேள்வியை ஒரே மூச்சில் கேளுங்கள்.

ஒற்றைக் கேள்வி ஆபத்தானது; எதிரில் இருப்பவருக்கு ஒளிய இடம் இருக்காது. ஆகவே இப்படிக் கேளுங்கள்: "கேஸ் விலை என்ன ஆச்சு, நீட்டு என்ன ஆச்சு, டாஸ்மாக்க மூடுறோம்னீங்களே மூடுனீங்களா, வைகையில தண்ணி எங்க, படிச்ச பயலுக்கு வேல எங்க, எய்ம்ஸ் எங்க, மொதல்ல இந்த ரோட்டப் பாத்தீங்களா?" மூச்சு வாங்குவதற்குள் தொண்டர் ஏழில் எது இளைத்தது என்று பார்த்துவிடுவார். "ரோடு போட்டாச்சுண்ணே, நேத்துத்தான் பேட்ச் ஒர்க் முடிஞ்சுது" என்பார். மீதி ஆறும் தள்ளுபடி.

தேதியோடு கேட்கும் கெட்ட பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். எய்ம்ஸ் 2015 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது, 2018-ல் தோப்பூர் என்று முடிவானது, 2019 ஜனவரி 27-ல் அடிக்கல் நாட்டப்பட்டது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இதுல உங்க பங்கு எந்த வருஷம், என்ன செஞ்சீங்க?" என்று நிறுத்தினால், பந்தலில் ஃபேன் ஓடும் சத்தம்தான் கேட்கும். அதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள்?

5. கேட்ட கையோடு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்.

அவர் வாய் திறக்கும் முன், "நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பியுங்கள். அவர் சொல்லப்போவதை நீங்களே சொல்லி, அதை நீங்களே மறுத்து, நீங்களே ஜெயியுங்கள். போனில் படம் பிடிப்பது அவசியம். கேமரா உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். அவருடைய தோளும் அண்டாவின் ஒரு காதும் தெரிந்தால் போதும். "நறுக்கென்று நாலு கேள்வி" என்று தலைப்புப் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் விடுங்கள். பெரியப்பா கட்டைவிரல் காட்டுவார். அதுவே மக்கள் தீர்ப்பு.

6. கொடுத்த காகிதத்தைப் படிக்காதீர்கள்.

நோட்டீஸ் கையில் வந்ததும் கூம்பாகச் சுருட்டி வேர்க்கடலை வாங்கிக்கொள்ளுங்கள். விரித்தால் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கண்ணில் படும்; தேர்தல் நோட்டீஸில் அவை இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இல்லாவிட்டால், "இது யார் அடிச்ச நோட்டீசுண்ணே?" என்று கேட்கத் தோன்றும். கேள்வி அப்படித்தான் சின்னதாக ஆரம்பிக்கும். பிறகு வேட்பாளரின் பிரமாணப் பத்திரத்தில் போய் நிற்கும். வழக்கு எத்தனை, சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு, படிப்பு என்ன என்று எல்லாவற்றையும் அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்; அது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடக்கிறது. வழக்குள்ளவரை நிறுத்தினால், வழக்கில்லாத ஒருவர் ஏன் கிடைக்கவில்லை என்று கட்சி எழுத்தில் சொல்ல வேண்டும், 'ஜெயிப்பார்' என்பது மட்டும் காரணமாகாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. "உங்க கட்சி என்ன காரணம் எழுதிக் குடுத்துச்சு?" என்று கேட்க ஒரு நிமிடம் போதும்.

கேட்காதீர்கள். பதிலாக, "எல்லாரும் திருடங்கதானப்பா?" என்று பொதுவாகக் கேளுங்கள். "ஆமாண்ணே, ஆனா நம்மாளு பரவாயில்ல" என்று தொண்டரும் ஒத்துக்கொள்வார். இவ்வளவு சீக்கிரம் உடன்பாடு வரும் கேள்வி வேறு கிடையாது.

7. உறவு கண்டுபிடியுங்கள்.

வாக்குவாதம் முற்றும்போல் இருந்தால் இந்த உத்தியை எடுங்கள்.

"தம்பிக்கு எந்தப் பக்கம்?"

"வில்லாபுரம்ணே."

"வில்லாபுரத்துல எங்க?"

"பலசரக்குக் கடைச் சந்துண்ணே."

"கடைக்காரர் யாரு உனக்கு?"

"பெரியப்பாண்ணே."

"அட, நம்ம மாப்ள!"

மூன்றே கேள்வி. சாதி என்ற சொல்லை எடுக்காமலேயே அது வரை போய்த் திரும்பிவிட்டீர்கள். இனி மாப்பிள்ளையிடம் தண்ணீர் வரவில்லை என்று எப்படிக் கேட்பது? அடுத்த முகூர்த்தத்தில் ஒரே பந்தியில் உட்கார வேண்டுமே.

8. அடுத்த பந்தலின் குற்றத்தை இங்கே விசாரியுங்கள்.

ஆளுங்கட்சிப் பந்தலில் நின்று எதிர்க்கட்சி ஆண்ட காலத்தைக் கேளுங்கள். எதிர்க்கட்சிப் பந்தலில் ஆளுங்கட்சியைக் கேளுங்கள். தொண்டரின் முகம் மலரும், நாற்காலி இழுத்துப் போடுவார், புள்ளிவிவரம் கொட்டும். மனநிறைவோடு எழுந்து அடுத்த பந்தலுக்குப் போங்கள். ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் அங்கே இல்லாதவர்தான் காரணம் என்பது இரண்டு இடத்திலும் உறுதியாகும்.

9. பணக் கேள்வியை மட்டும் ஒழுங்காகக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது எதுவும் இதற்குப் பொருந்தாது. பையனை விடுங்கள்; நேராக வட்டச் செயலாளரிடமே போங்கள். குரலைத் தாழ்த்துங்கள். ஒரே கேள்வி, எண்ணோடும் தேதியோடும்: "தலைக்கு எவ்வளவுண்ணே, எப்ப வருது?" பதில் வரும்வரை பேசாமல் நில்லுங்கள். "பாப்போம்" என்றால் விடாதீர்கள். "எதிர் வரிசைக்கு நேத்தே வந்துருச்சாமே" என்று ஆதாரத்தோடு மடக்குங்கள். "பெங்களூர்ல இருக்கிற பையனையும் சேத்துத்தானே?" என்று விடுபட்டதைப் பிடியுங்கள். மறுநாள் காலையில் போய் நினைவூட்டுங்கள்.

இதில் நம் பக்கத்து ஊருக்குத் தனி வரலாறே இருக்கிறது. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு 'திருமங்கலம் ஃபார்முலா' என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. ஆர்.கே. நகரில் 2017-லும் வேலூரில் 2019-லும் பணப் பட்டுவாடா புகாரில் தேர்தலே ரத்தானது. போட்டோ எடுத்து அனுப்பினால் 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்று தேர்தல் ஆணையம் சி-விஜில் என்ற செயலியை வைத்திருக்கிறது. உங்கள் போனில் இடம் இல்லை. பெரியப்பாவின் காலை வணக்கங்களே நிரம்பி வழிகின்றன.

பொறுப்பான ஆளிடம், ஒரே கேள்வி, தெளிவான எண், ஆதாரம், துணைக் கேள்வி, மறுநாள் நினைவூட்டல். கேள்வி கேட்கும் கலையில் உங்களுக்குச் சொல்லித்தர எதுவுமே இல்லை. அந்தத் திறமையை வாசலில் கிடக்கும் பள்ளத்தின் மேல் வீணாக்கிவிடாதீர்கள் என்பது மட்டும்தான் பயிற்சியாளனின் வேண்டுகோள்.

10. கடைசியில் அக்காவுக்குப் பதில் சொல்லுங்கள்.

கிளம்பும்போது, முதல் படியில் விட்டுவிட்டு வந்த அந்த அக்கா பட்டியலோடு வருவார். அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியும். பட்டியலில் ஒரு பக்கத்துக்கு 30 பேர். உங்கள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டுதான் பேச்சையே ஆரம்பிப்பார். "வீட்ல நாலு ஓட்டுத்தானேண்ணே? அப்பா நடமாட்டமா இருக்காரா, வண்டி அனுப்பணுமா? பையன் வர்றானா? போன் நம்பர் அதேதானா?" எல்லாவற்றுக்கும் சரியாக, வரிசையாக, மறைக்காமல் சொல்லுங்கள். ஓ.டி.பி. கேட்டால் அதையும் சொல்லுங்கள். உறுப்பினர் சேர்க்கைக்கு ஓ.டி.பி. கேட்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜூலையில் இடைக்காலத் தடை போட்டது என்றெல்லாம் அக்காவிடம் பேசுவது மரியாதை ஆகாது. அவர் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுவார். என்ன டிக் என்று கேட்காதீர்கள்.

தேர்ச்சியைச் சோதித்துக்கொள்ள ஒரு வழி. வீட்டுக்கு வந்து பலகையைத் தாண்டியதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பள்ளத்துக்குப் பொறுப்பு யார், எப்போது மூடுவார்கள்? பெயரும் தேதியும் தெரிந்தால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். முதல் படியிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். அக்காவுக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததில் பாதிகூட அக்காவின் கட்சியைப் பற்றி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் முதல் வகுப்பில் தேறிவிட்டீர்கள்.

தேறியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை உண்டு. மாநகராட்சிக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. அங்கே மோர் கிடையாது. கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம், கீழே கையெழுத்தும் போடலாம். அதாவது, கேள்விக்கு நோட்டில் வரிசை எண் விழுந்துவிடும். நல்லவேளையாக அந்த ஆறில் நான்கு அரசு விடுமுறை. கொடைக்கானலுக்கு இப்போதே ரூம் போட்டுவிடுங்கள்.