இருட்டுக் காவலர்

பென்னாகரமோ பாலக்கோடோ அரூரோ, தருமபுரி மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் முதலில் காதில் விழுவது சாவிக்கொத்துச் சத்தம். அடுத்தது, "யாருப்பா அந்த ஜன்னலைத் திறந்தது?" லேப் அசிஸ்டென்ட் வந்துவிட்டார் என்று அர்த்தம்.

ஊரே புளி காயப்போட வெயிலைத் தேடும் மாசியில்தான் செய்முறைத் தேர்வும் வரும். இவர் மட்டும் நிழலைத் தேடுவார். சில்வர் நைட்ரேட்டுக்குப் பழுப்புப் பாட்டில், அதைச் சுற்றிக் கறுப்புத் தாள், அப்புறம் அலமாரி, பூட்டு. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த நகைக்குக்கூட இத்தனை காவல் கிடையாது. கேட்டால், "வெள்ளிங்க சார், விலை தெரியுமா?" என்பார்.

அது பாதிக் காரணம்தான். 1777-ல் சுவீடன்காரர் ஷீலே, சில்வர் குளோரைடு ஊதா ஒளியில்தான் சீக்கிரம் கறுக்கிறது என்று கண்டார். பழுப்புக் கண்ணாடி மறிப்பதும் அந்த ஊதாவைத்தான். நம்மவருக்கு ஷீலேயைத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை சொட்டு செலவழித்தார் என்று கணக்குக் கேட்டிருப்பார்.

சில்வர் நைட்ரேட்டைச் சிந்திய பையன் வாய் திறக்கவே வேண்டாம். மறுநாள் காலை விரலை நீட்டச் சொல்வார். நேற்று சுத்தமாக இருந்த விரல் இன்று கறுத்திருக்கும். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது. தோல் உரிந்தால்தான் விடுதலை. "கண்ணு, நீயே கையெழுத்துப் போட்டுட்டியே!"

பெர்மாங்கனேட் கரைசலுக்கும் இதே சிறைதான். வெளிச்சத்தில் கிடந்தால் அடியில் பழுப்பு மண்டி படிந்து வீரியம் குறையும். தரம் பார்த்தலில் விடை பிசகும். பழி பிள்ளைகள் தலையில் விழும்.

வடிதாளைக்கூடக் காயவைத்து எடுத்துவைக்கும் இந்தச் சிக்கனக்காரர், வெள்ளி ஆடிச் சோதனை முடிந்ததும் ஆளே மாறிவிடுவார். மிச்சமான டாலன்ஸ் கரைசலை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமே என்று புதிதாக வந்த ஆசிரியர் சொல்லிவிட்டால் போதும். "நாளைக்கு லேப் இருக்கணுமா வேணாமா சார்?" அம்மோனியா சேர்ந்த வெள்ளி நாள்பட்டால் வெடிக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு அன்றைக்கே அதன் கதையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் பஸ் ஏறுவார்.

அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால், எல்லா பாட்டிலையும் கண்ணாடி அலமாரியில் அடுக்கச் சொல்வார் தலைமையாசிரியர். இவர் தலையாட்டுவார். அடுக்குவது மயில்துத்தத்தையும் டைகுரோமேட்டையும் மட்டும்தான். அதிகாரி ரசித்துப் பார்த்துவிட்டுப் போன பிறகு தலைமையாசிரியர் முறைப்பார்.

"நீலமும் ஆரஞ்சும் இருந்தாப் போதுங்க சார். பழுப்புப் பாட்டிலைப் பார்த்தா அவரு உள்ளே என்னான்னு கேப்பாரு. அப்புறம் நான் திறந்து காட்டணும்."