கறிக்கு உதவிய சுரைக்காய்

கேள்வி: ஒரே இயேசுவைக் கும்பிடும் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் வட அயர்லாந்தில் முப்பது வருடம் சுட்டுக்கொண்டு செத்தார்களே! அயலாரை நேசிக்கச் சொன்னதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா?

பதில்: அந்தச் சுரைக்காயைக் கறி சமைத்துக் காட்டியவர் ஒருவர் உண்டு. என்னிஸ்கில்லன் ஊர்த் துணிக்கடைக்காரர் கோர்டன் வில்சன், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரர். 1987 நவம்பர் 8, போர் நினைவு நாள். கத்தோலிக்கத் தரப்பு ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் சுவர் சரிந்து, அவரும் நர்ஸாக இருந்த மகளும் இடிபாட்டில் புதைந்தார்கள். உள்ளே அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நலமா என்று அவர் கேட்கக் கேட்க, ஆமாம் என்றாள். அப்பா மேல் தனக்கு எவ்வளவு பாசம் என்று சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு.

சில மணி நேரத்தில் பி.பி.சி.யிடம் வில்சன் சொன்னது: கொன்றவர்கள் மேல் பகையில்லை, அவர்களுக்காக ஜெபிப்பேன்!

நல்ல சமாரியன் கதையில் யூதரின் பகையாளியைத்தான் இயேசு அயலானாக நிறுத்தினார். பக்கத்து பெஞ்சுக்காரரை நேசிக்க வேதம் எதற்கு? எதிர்த்தெருக்காரரை நேசிக்கத்தானே அது வேண்டியிருக்கிறது!

1993-ல் ஐ.ஆர்.ஏ. ஆட்களையே நேரில் சந்தித்து, குண்டுகளை நிறுத்தச் சொல்லி மன்றாடினார். வெறுங்கையோடு திரும்பினார். 1998-ல் சமாதான ஒப்பந்தம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

போதனையில் குறையில்லை, கைக்கொள்ள ஆள்தான் குறைவு. அதற்குச் சாட்சியாக, வட அயர்லாந்துத் தலைநகர் பெல்ஃபாஸ்டில் இரு தரப்புத் தெருக்களையும் பிரிக்கும் சுவர்கள் பல இன்றும் நிற்கின்றன.