இன்னும் கொஞ்சம் சாஃப்ட்டா

சாயப்பட்டறையிலிருந்து வந்த துணியின் நிறம் ஒத்துவரவில்லை. இதைச் சொல்ல நம் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி மெர்ச்சன்டைசர் தம்பிக்கு நான்கு பத்தி ஆங்கிலம் வேண்டும். முதல் பத்தியில், ஹாம்பர்க்கிலோ கோபன்ஹேகனிலோ உட்கார்ந்திருக்கும் பையரின் உடல்நலம் பற்றிய விசாரிப்பு. இரண்டாவதில், அவருக்கும் நமக்கும் உள்ள உறவின் அருமை பெருமை. மூன்றாவதில் 'ஹவெவர்' என்று ஒரு சொல், அதன் முதுகுக்குப் பின்னால் பதுங்கியபடி சாயம். நான்காவதில் மறுபடியும் உறவு.

நான்கு பத்தியையும் அவன் எழுதுகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். அவன் எழுதுவது ஒரே வரி. சாட்ஜிபிடியைத் திறந்து, 'ஷேட் நாட் மேட்சிங், டெல் பையர் பொலைட்லி' என்று தட்டுவான். வந்ததைப் படிப்பான். முகம் சுளிப்பான். 'மோர் சாஃப்ட்' என்று தட்டுவான். இன்னும் குழைந்து வரும். அதுவும் போதாது. இன்னொரு 'மோர் சாஃப்ட்'. துணிக்கே நாம் ஒரு தடவைதான் சாஃப்ட்னர் போடுகிறோம். இவன் மெயிலுக்கு இரண்டு தடவை போடுகிறான். அதற்குப் பிறகு அதில் சாயம் எங்கே தங்கும்?

ஒருமுறை டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்றுக்கு 180 ஜிஎஸ்எம் எடையில் துணி கேட்டிருந்தார்கள். துணி 165-இல் வந்து நின்றது. ஐந்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள். இது எட்டைத் தாண்டிவிட்டது. 'துணி மெலிசாக வந்துவிட்டது, என்ன செய்யலாம்?' என்று கேட்டால் தீர்ந்தது. தம்பி அனுப்பிய மெயிலின் சாரம் இது: துணி இப்போது கூடுதல் காற்றோட்டத்தோடும் இறகைத் தொட்டாற்போன்ற உணர்வோடும் வந்திருப்பதைத் தங்களோடு பகிர்ந்துகொள்வதில் மகிழ்கிறோம். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது: கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு 180 போதும்.

"ஏன் கண்ணு, துணி மெலிசாப் போச்சுன்னு எழுதினா என்ன?"

"அப்படியே எழுதினா ரூடா இருக்குங்ணா."

"அதுக்காகப் பொய் எழுதுவியா?"

"பொய் எங்கீங்ணா இருக்குது? நல்லாப் படிச்சுப் பாருங்க."

படித்துப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. காற்று நன்றாகத்தான் போகும்.

இதே தம்பியின் ஆங்கிலம் பத்து வருடத்துக்கு முன்னால் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். உயிரெழுத்துகளுக்கெல்லாம் லீவு கொடுத்திருந்தான். 'பிஎல்எஸ் சிஎஃப்எம் ஏஎஸ்ஏபி' என்று போகும் மெயில். அதற்கு 'ஓகே டிகேஎஸ்' என்று வரும் பதில். இளைஞர்கள் ஆங்கிலத்தைக் கொத்துக்கறி போடுகிறார்கள் என்று பழைய ஆட்கள் புலம்பினார்கள். அவர்களே டெலக்ஸ் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள் என்பது வேறு விஷயம். தந்திக்குச் சொல் கணக்கில் காசு. எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து எல்லை. கல்யாண வாழ்த்துத் தந்திக்கு ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தாலே போதும், ரெடிமேடாக ஓர் ஆங்கில வாக்கியம் மணமேடைக்குப் போய்ச் சேரும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தியை மூடினார்கள். கையில் காசில்லாததால் சுருங்கிக் கிடந்த ஆங்கிலம், எழுத்துக்குக் காசே இல்லை என்றானதும் ஊதிக்கொண்டு எழுந்துவிட்டது. அந்தச் சுருக்கத்தில் ஒரு நன்மை இருந்தது. நாலு எழுத்துக்குள் கெட்ட செய்தி ஒளிய இடம் கிடையாது.

பையரோடு நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். தம்பி இப்போது எல்லாருக்கும் இதே ஆங்கிலத்தைப் பரிமாறுகிறான். எங்களுக்கு அட்டைப்பெட்டி போடுகிறவர் இரண்டு தெரு தள்ளி, எங்கள் முதலிபாளையத்திலேயே இருக்கிறார். அவருக்கு இருநூறு பெட்டி கேட்டு ஒரு மெயில்: தங்கள் தளராத ஒத்துழைப்புக்கு எங்கள் உளமார்ந்த நன்றி. அவர் பையனிடமும் கைபேசி இருக்கிறதே! தங்கள் நம்பிக்கை எங்களைப் பணிவுகொள்ளச் செய்கிறது என்று அங்கிருந்து பதில். ஒரே டீக்கடையில் டீ குடிக்கிற இருவர் இரண்டு நாள் இப்படிப் பணிந்துகொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் பேக்கிங் மாஸ்டர் போனை எடுத்து, "பொட்டி வருதா இல்லியாப்பா?" என்றார். அரை மணி நேரத்தில் வண்டி வாசலில் நின்றது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஆராய்ச்சிக் கட்டுரைகளில் 'டெல்வ்' (துருவி ஆராய்வது) என்ற சொல் திடீரென்று பெருகிவிட்டதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எங்கள் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் வந்திருந்தால் அவர்களுக்கு வேலை இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். இங்கே தம்பி ரிப் காலருக்குள்ளேயே டெல்வ் பண்ணிக்கொண்டிருக்கிறான். கட்டிங் மாஸ்டருக்கு வந்த குறிப்பில் அந்தச் சொல்லைப் பார்த்து, காலரில் ஏதோ புதுத் தையல் போலிருக்கிறது என்று அவர் சாம்பிள் செக்ஷனில் போய் விசாரித்துவிட்டு வந்தார்.

வாட்ஸ்அப்பில் தம்பி வேறு ஆள். அங்கே பேச்சே கிடையாது, கட்டைவிரல்தான். படித்தேன் என்றாலும் கட்டைவிரல், சரி என்றாலும் கட்டைவிரல், டீ வந்துவிட்டது என்றாலும் கட்டைவிரல். கனடாவில் ஒரு விவசாயி, ஆளிவிதை ஒப்பந்தத்தின் படம் கைபேசிக்கு வந்தபோது இப்படித்தான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். 2023-ல் சஸ்காட்சுவான் நீதிமன்றம் அதைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டது. சரக்குத் தராததற்கு 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. இதை அவனிடம் சொன்னேன். கட்டைவிரல் அனுப்பினான்.

ஆனாலும் அவனை முழுதாகத் திட்ட மனம் வருவதில்லை. திருப்பூர் ஏற்றுமதிக் கதையை, 1978-ல் வெள்ளை டீ-ஷர்ட் தேடி வந்த வெரோனா என்ற இத்தாலியரிலிருந்து தொடங்குவார்கள். அவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியில்லை, விற்றவர்களுக்கும் இல்லை. இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நடுவில் பல வருடம், மெர்ச்சன்டைசர் நாற்காலி கான்வென்ட் ஆங்கிலம் பேசியவர்களுக்கே என்றிருந்தது. நம் தம்பி ஊத்துக்குளிப் பக்கத்து அரசுப் பள்ளியில் படித்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெயிலை அனுப்புமுன் பதினைந்து தடவை படிப்பான்; 'ஹேஸ்' வருமா 'ஹேவ்' வருமா என்று அக்கவுன்ட்ஸ் பெண்ணிடம் காதோடு கேட்பான். ஐரோப்பாவில் காலை ஒன்பது மணி ஆகும்போது நமக்கு மதியம் ஆகிவிடுகிறது. அவர்கள் கேள்விகள் வந்து விழுவது சாயங்காலம், பதில் எழுதி முடிக்க ராத்திரி ஒன்பது. தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தோடு வருடக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்தவனுக்கு, தப்பில்லாமல் எழுதித் தரும் ஓர் இயந்திரம் கிடைத்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்வான். அவன் 'ஹேஸ்' சரியாக விழுவதில் எனக்கும் சந்தோஷம்தான்.

பையர்களும் சளைத்தவர்கள் இல்லை. முன்பெல்லாம் 'ஐந்து சென்ட் குறை' என்று மூன்று சொல்லில் அடிப்பார்கள். இப்போது 'நமது கூட்டுறவின் உணர்வில், விலையை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பை நாம் சேர்ந்து ஆராயலாமா' என்று வருகிறது. படிக்க இதமாக இருக்கிறது. குறைவது அதே ஐந்து சென்ட்.

சிரிப்பு நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. டையிங்கில் துணி தாமதம். சொன்ன தேதிக்குச் சரக்கு தூத்துக்குடிக்குப் போய்ச் சேராது. ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள் என்று நேராகக் கேட்டிருந்தால், திட்டிவிட்டாவது ஒப்புக்கொண்டிருப்பார்கள். தம்பி 'மோர் சாஃப்ட்' போட்டான். ஒப்புக்கொண்ட தேதியை எட்டுவதற்கான எல்லா வழிகளையும் ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்று மெயில் போனது. பையர் என்ன புரிந்துகொள்வார்? தேதி மாறவில்லை என்றுதான். ஏசி அறையில் எழுதிய அந்த 'எல்லா வழிகளை'யும் நடந்து கடந்தவர்கள் செக்கிங் டேபிள் அக்காமார். ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டியவர்கள், ராத்திரி இரண்டு மணிக்குப் பிசிறு வெட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் காய்ச்சலோடு ஒரு குழந்தை. யாரிடமும் ரூடாகப் பேசாத ஒரு மெயிலுக்காக, அத்தனை பேரிடமும் ரூடாக நடந்துகொண்டோம். அன்று ராத்திரி தம்பியும் கூட நின்று பெட்டிக்கு டேப் ஒட்டினான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாள் பையருக்கு நன்றி மெயில் போட்டான். ஐந்து பத்தி.

அவனிடமிருந்து உங்களுக்கும் ஒரு மெயில் வரலாம். நீங்கள் பட்டன் விற்பவராக இருக்கலாம், பாங்கில் இருக்கலாம், கப்பல் ஏஜென்டாக இருக்கலாம். முதல் இரண்டு பத்தியைத் தாண்டுங்கள். 'ஹவெவர்' எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு அடுத்த வரியைப் படித்துவிட்டு உடனே அவனுக்குப் போன் போடுங்கள். போனில் அவன் நல்ல தமிழில் உண்மையைச் சொல்வான்.