பழைய பேக்கப்பை அழிப்பதில் விழுப்புரம், திண்டிவனம் மரபுகள்: ஓர் ஆய்வு

பேக்கப் எடுக்கச் சொல்லாதவர் இல்லை. எடுத்ததை எப்போது அழிப்பது என்று சொல்பவர்தான் அரிது. விளைவு: பத்திர எழுத்தர் கடைக் கணினிகளில் 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி' என்று மூன்று கோப்புகள். இவற்றுள் மூத்தது எது என்று கல்வெட்டு அறிஞராலும் கூற இயலாது.

முன்னோர் மரபை நோக்குவோம். விழுப்புரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தான். ஒரே பிரதி, சுழற்சி கிடையாது, இன்றும் படிக்க முடிகிறது. ஆனால் ஜி.எஸ்.டி. கணக்கைத் தினமும் பாறையில் வெட்டுவது சிரமம். ஓலைக்காரர்கள் வேறு வழி கண்டார்கள்: நைந்த ஏட்டைப் பார்த்துப் படியெடுத்துவிட்டு, பழசை ஆடிப்பெருக்கில் விட்டார்கள். படியெடுக்காமலே விட்டவர்களும் உண்டு. சுவடி தேடி அலைந்த உ.வே.சா. காதில் விழுந்த கதைகள் அவை.

ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவோரிடம் இன்று இரு பள்ளிகள். பெயர் வைத்தது நான்தான், ஊர்க்காரர்கள் பொறுத்தருள்க.

விழுப்புரம் பள்ளி வயது பார்க்கும். கலெக்டர் ஆபீஸ் உள்ள ஊர் அல்லவா! 2021-இல் அரசு ஊழியர் ஓய்வு வயது 60 ஆனதுபோல், இங்கே ஃபைண்ட் கட்டளைக்கு 'எம்டைம் +7'. அதுவும் ஏழு நாள் அல்ல. நாளின் பின்னத்தைத் தள்ளிவிட்டு எண்ணுவதால், எட்டு முழு நாள் கழியாமல் கை வைக்காது. குறை வேறிடத்தில். பேக்கப் எடுப்பது நின்றுபோனாலும் அழிப்பது நிற்காது. புது ஆள் சேர்க்காமலே எல்லோரையும் வழியனுப்பிவிட்டு, ஆபீஸ் காலியாக இருக்கும்.

திண்டிவனம் பள்ளி எண்ணிக்கை பார்க்கும். அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் மல்லாட்டை ரகங்களுக்கே டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று எண் கொடுத்த ஊர் அது. புதிய ஏழை வைத்துக்கொள், எட்டாவதிலிருந்து அழி. பேக்கப் நின்றாலும் ஏழு மிஞ்சும். மறுப்பே இல்லாத கொள்கை என்றுதான் தோன்றும், பேக்கப் கட்டளை தோற்று வெற்றுக் கோப்பை மட்டும் விட்டுச்செல்லத் தொடங்கும் வரை. அதன்பின் வருவதெல்லாம் பூஜ்ய பைட் கோப்பு; ஏழு நாளில் ஏழு வெற்றுக் கோப்புகள் ஏழு நல்லவற்றைத் தள்ளிவிட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

ஆகவே இரண்டு ஊருக்கும் நடுவே விக்கிரவாண்டிப் பள்ளியை இவ்வாய்வு முன்மொழிகிறது. டார் கோப்பு உருவானதும், உள்ளே என்ன இருக்கிறது என்று அதையே பட்டியல் போடச் சொல்ல வேண்டும். பட்டியல் ஒழுங்காக வந்தால் மட்டுமே அழிக்கும் கட்டளை ஓட வேண்டும். உருவாக்குவது, பட்டியல், அழிப்பது என்ற மூன்று கட்டளைகளுக்கும் இடையில் இரண்டிரண்டு ஆம்பர்சாண்ட் போட்டால் போதும். செமிகோலன் போடுகிறவர்கள் உண்டு. முன்னது தோற்றாலும் பின்னது ஓடும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

எஞ்சியது நேரம். இரவு 2 மணிக்குக் கிரானில் போடுவது உலக வழக்கு. நம் பக்கத்தில் கடையைப் பூட்டும்போதே மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். எனவே பகல் 11 மணி, பையன் டீ வாங்கப் போகும் வேளை, எனப் பரிந்துரைக்கப்படுகிறது.