துளையின் மறுபக்கம்

ஜொகூரின் தெப்ராவ் ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பெரியப்பா பால்மரம் சீவப் போகவில்லை. தச்சு வேலை பழகி, பாலம் கடந்து, சிங்கப்பூர் செலேத்தார் விமானத் தளத்தில் தச்சராகச் சேர்ந்தார். 1950களின் தொடக்கம், மலாயாவில் அவசரகாலம். அங்கிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 81ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த மொஸ்கிட்டோ விமானங்கள் மலாயாக் காடுகளை வானிலிருந்து படம்பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டு மெர்லின் இன்ஜின் பூட்டிய அந்த விமானத்தின் உடலும் இறக்கையும் மரம். உடலின் சுவரில் நடுவே பல்சா, இருபுறமும் பிர்ச் ஒட்டுப்பலகை. பல்சா மெத்தென்றிருக்கும் என்பதால், போல்ட் வரும் இடங்களில் உறுதியான மரத்துண்டு பதித்திருப்பார்கள்.

மரத்துக்கு வெப்பமண்டல ஈரம் ஆகாது. 1944இல் இந்தியாவில் பசைப்பிடிப்பு விட்டுச் சில மொஸ்கிட்டோக்களின் இறக்கைகள் பழுதாகவே, விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்திச் சோதித்தார்கள். அதனால் போல்ட்டுக்குத் துளை போட்டதும் அதன் உள்ளே வார்னிஷ் பூசியாக வேண்டும்.

துளை சரியா என்று பார்க்கப் பெரியப்பா சொன்ன வழி எளிது. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போல்ட் இறங்க வேண்டும். கையால் தள்ளியே இறங்கினால் துளை பெரிது. போல்ட் ஆடி ஆடி அதை இன்னும் அகலமாக்கும். ஓங்கி அடிக்க வேண்டியிருந்தால் துளை சிறிது; மரம் பிளக்கும். அடியில் ஒரு கழிவுக்கட்டையை இறுக்கி, துளைக்கு வழிகாட்டும் ஜிக் வைத்து, கூரான பிட்டை நிதானமாக இறக்குவார். பிட் கழிவுக்கட்டைக்குள் ஏறும்வரை கையழுத்தம் மாறாது. "உள்ளே போற பக்கம் யார் போட்டாலும் அழகா இருக்கும்டா. வெளியே வர்ற பக்கத்தைப் பாரு" என்பார்.

பிரிட்டிஷ் விமானப்படை மொஸ்கிட்டோவின் கடைசிப் போர்ப்பணிப் பறப்பு 1955 டிசம்பர் 15 அன்று செலேத்தாரிலிருந்துதான் நடந்தது. பெரியப்பா பிறகு ஊரில் மேசை நாற்காலி செய்தார்.

இன்று தெப்ராவ் என்றால் பேரங்காடியும் அடுக்குமாடியும் நெடுஞ்சாலையும். மலேசியாவில் ஏர்பஸ் ஏ320 இறக்கைக்குக் கார்பன் நார்ப் பாகங்கள் தயாராகின்றன. பெரியப்பாவின் பேத்தி அப்படி ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். துளை போடுவது கணினி இயந்திரம், பிட்டின் முனையில் செயற்கை வைரம், பறக்கும் தூளை உறிஞ்சக் குழாய். ஆனால் கார்பனும் அடுக்கடுக்கான நார்தான். பிட் வெளியேறும் இடத்தில் அடுக்கு பிரியும். அங்கேயும் அடியில் தாங்குபலகை வைக்கிறார்கள். "மறுபக்கத்தைத்தான் முதல்ல பார்ப்போம் சித்தப்பா. அடுக்கு பிரிஞ்சா சில நேரம் முழுப் பாகமும் கழிவுதான்" என்றாள்.

கருவி மாறியது, பொருள் மாறியது, ஒழுங்கு மாறவில்லை. தோட்டத்து மக்களை வெட்டுக்கத்தியோடும் பால்வாளியோடும் மட்டுமே வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறோம். விமானப் பட்டறையில் மில்லிமீட்டர் பிசகாமல் உழைத்தவர்களும் நம்மவர்கள்தான். எஸ்பிஎம் முடித்த பிள்ளை விமானப் பராமரிப்போ இயந்திரத் தொழிலோ படிக்க விரும்பினால், கைவேலைதானே என்று தடுக்காதீர்கள். விண்ணப்பப் படிவத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.